கேள்வி கேட்டால் பழவேற்காட்டில் கேட்கணும்!

இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஆரியபட்டா எங்கிருந்து ஏவப்பட்டது?

"ஸ்ரீஹரிகோட்டா!" என்று உங்கள் வாயிலும் வந்திருக்கும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் வந்தது. வராமல் எப்படி இருக்கும்? பழவேற்காட்டுக்கு வடக்கே ராக்கெட் தளம். பிறந்ததிலிருந்து அந்த நெருப்பையும் புகையையும் பார்த்தே வளர்ந்தவர்கள். கொட்டகை அதிர ஒரே குரலில் கத்தினார்கள். கேள்வி கேட்ட அக்கா சிரித்துக்கொண்டே, "இல்ல. சோவியத் ரஷ்யாவுல கபூஸ்தின் யார்னு ஓர் இடம். 1975 ஏப்ரல் 19" என்றார். உடனே பின்வரிசையிலிருந்து ஒரு பொடியன் எழுந்தான். "அப்போ நம்ம ஸ்ரீஹரிகோட்டாவுலருந்து மொதமொதல்ல செயற்கைக்கோளத் தூக்கிட்டுக் கெளம்புன ராக்கெட் எதுக்கா?" இந்த இரண்டாவது கேள்விக்காகத்தான் நான் மீஞ்சூரிலிருந்து சலிக்காமல் போய்க்கொண்டிருக்கிறேன்.

அதற்கும் விடை வந்தது. 1979 ஆகஸ்ட் 10-ஆம் தேதி எஸ்.எல்.வி-3 கிளம்பி, வங்கக் கடலில் விழுந்தது. மறு ஆண்டு 1980 ஜூலை 18-ஆம் தேதி அதே ரக ராக்கெட் ரோகிணியைச் சுற்றுப்பாதையில் கொண்டுபோய் நிறுத்தியது. இரண்டுக்கும் திட்ட இயக்குநர் அப்துல் கலாம். அதற்குள் வலைக்கு ஈயக்குண்டு கோத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், பழைய இரண்டு ரூபாய் நோட்டின் பின்பக்கம் இருந்தது அந்த ஆரியபட்டாவின் படம்தான் என்று எடுத்துக்கொடுத்தார். வீட்டுக்கு ஓடிப்போய் யாரோ ஒரு நோட்டைக் கொண்டுவந்தும் விட்டார்கள். அது கைமாறிக் கைமாறி கொட்டகையைச் சுற்றி வந்தது. ஒரு கேள்வியில் தொடங்கியது, விண்வெளி, ரஷ்யா, கலாம், ரூபாய் நோட்டு என்று எங்கெங்கோ போய்விட்டது. இதைவிட நல்ல பொழுது எங்கே கிடைக்கும், சொல்லுங்கள்!

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மீஞ்சூரில் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறினால் அனுப்பம்பட்டு, அடுத்து பொன்னேரி. அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பேருந்து. அந்த வட்டாரத்து மீனவர் குப்பம் ஒன்றில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வலை பின்னும் கொட்டகையில் பொது அறிவுக் கேள்வி-பதில் நடக்கிறது. நடத்துகிறவர்கள் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கும் அந்தக் குப்பத்துப் பட்டதாரிப் பிள்ளைகள். மேடை கிடையாது, மைக் கிடையாது, பேனர் கிடையாது. தேதி கிழித்த காலண்டர் தாள்களின் முதுகில் கேள்விகள். அணிகளுக்குப் பெயர் கொடுவா, மடவை, இறா, நண்டு. பரிசு கடலை மிட்டாய். ஆனால் அங்கே பறக்கிற கைகளைப் பார்க்க வேண்டும்! நான் டி.வி.யில் பார்த்த எந்தக் கோடி ரூபாய் நிகழ்ச்சியிலும் அந்த வேகத்தைப் பார்த்ததில்லை.

விதி ஒன்றே ஒன்றுதான். விடை சொன்னால் பாதி மதிப்பெண். சொன்னதும் எல்லோரும் சேர்ந்து "அப்புறம்?" என்று கேட்பார்கள். அதற்கும் சொன்னால்தான் முழு மதிப்பெண். ஏன், எப்படி, பிறகு என்ன ஆயிற்று என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் பரவாயில்லை, அங்கே உட்கார்ந்திருக்கிற யாராவது சொல்லலாம். மீன் கூடையோடு போகிறவர் நின்று சொல்லலாம், வாசலில் இறா உரிக்கும் ஆயா சொல்லலாம். இந்த விதியை யோசித்துக் கண்டுபிடித்தவர் கைக்குத் தங்கக் காப்பே போடலாம்.

இறா என்றதும் நினைவு வருகிறது. நான் பார்த்ததிலேயே அற்புதமான சுற்று அதுதான்.

"இறாலின் இதயம் எங்கே இருக்கிறது?" இது எல்லாப் பொது அறிவுக் கைடிலும் இருக்கிற கேள்விதான். "தலையில்" என்று கைடும் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடும். இங்கே அப்படிப் போக முடியவில்லை. "அப்புறம்?" என்று கொட்டகை கேட்டது. ஆயா தன் கூடையிலிருந்து ஓர் இறாவை எடுத்து, கட்டைவிரல் நகத்தால் தலை ஓட்டை நெம்பித் திறந்து காட்டினார். அது வெறும் தலை இல்லை. தலையும் மார்பும் ஒன்றாக ஒட்டிய ஓடு. அதற்குள்தான் இதயம். வெளுத்த, சின்னஞ்சிறிய ஒரு துணுக்கு. பிள்ளைகள் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். "ரத்தம் எங்க ஆயா? செவப்பா ஒண்ணும் இல்லியே?" என்று ஒரு பெண் கேட்டாள். கேள்வி கேட்கும் அக்காவின் முகம் மலர்ந்ததே! நம் ரத்தத்தில் இரும்பு இருக்கிறது, அதனால் சிவப்பு. இறா, நண்டின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது செம்பு. காற்றுப் பட்டால் லேசாக நீலம் தட்டும்.

"சரி, ரத்தம் செவப்பு இல்ல. கொழம்புல போட்டா மட்டும் இறா எப்படி செவக்குது?" என்று ஆயா கேட்டார். கேட்டது ஆயா, கவனியுங்கள்! வாழ்நாள் முழுக்க இறா ஆய்ந்து சமைத்தவருக்கு அந்தக் கேள்வி இத்தனை நாள் மனத்துக்குள் இருந்திருக்கிறது. விடை இது. இறாவின் ஓட்டில் அஸ்டசாந்தின் என்ற செந்நிறமி எப்போதும் இருக்கிறது. உயிரோடு இருக்கும்போது ஒரு புரதம் அதை இறுகப் பற்றி அதன் நிறத்தை மாற்றி வைத்திருக்கிறது. சூடு பட்டால் புரதம் பிடியை விடுகிறது, உள்ளே இருந்த சிவப்பு வெளியே வருகிறது.

"அப்புறம்?"

அப்புறம்தான் சிகரம். அக்கா கையை நீட்டி ஏரியைக் காட்டினார். தூரத்தில் தண்ணீருக்கு மேல் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. பூநாரைக் கூட்டம். "அதுங்க செவப்பா இருக்கறதும் இதே வகை நிறமியாலதான்" என்றார். பூநாரை பிறக்கும்போது சாம்பல் நிறம். ஏரிச் சேற்றில் தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக வைத்து, பாசியையும் மிகச் சிறிய இறால் இனங்களையும் சலித்துச் சலித்துத் தின்னத் தின்னத்தான் அதற்கு அந்த நிறம் ஏறுகிறது. ஆயாவின் குழம்புச் சட்டியும் அந்தப் பறவையின் இறக்கையும் ஒரே வேதியியல்! நான் எழுந்து நின்றே கைதட்டினேன். பள்ளிக்கூடத்தில் உயிரியலும் வேதியியலும் வேறு வேறு புத்தகமாக இருந்தன. இங்கே இரண்டும் ஒரு கூடை இறாவில் சேர்ந்துவிட்டன.

பூநாரை பற்றி இன்னொரு கேள்வியும் உண்டு, அதில் பெரிய பெரிய ஆட்களே தடுமாறுவார்கள். பழவேற்காட்டு ஏரிக்குக் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கில் வரும் பூநாரைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பது எங்கே? ஏரியில் இல்லை. இந்தியாவில் அவற்றின் பெரிய இனப்பெருக்க இடம் குஜராத்தின் கட்ச் ரண். இங்கே வருவது சாப்பாட்டுக்கு. ஏரிக்குப் பக்கத்தில் ஆந்திரத்து நேலபட்டு சரணாலயத்தில் கூடு கட்டுவது கூழைக்கடா. இதற்கும் மேலே ஒன்று: பூநாரை தன் குஞ்சுக்குப் பால் கொடுக்கும். தொண்டைப் பையில் சுரக்கிற, சத்து நிறைந்த திரவம். தாயும் கொடுக்கும், தகப்பனும் கொடுக்கும். இதைக் கேட்டுக் கொட்டகையில் இருந்த அம்மாக்கள் தங்கள் வீட்டு ஆண்களைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது!

கைடில் படித்தவர்களைத் தொழில் தெரிந்தவர்கள் தூக்கிச் சாப்பிடும் இடமும் உண்டு. "பிறக்கும்போது ஆணாக இருந்து, வளர்ந்தபின் பெண்ணாக மாறும் மீன் எது?" என்று கேள்வி வந்தது. படித்த பிள்ளைகள் விழித்தார்கள். ஓரமாக பீடி பிடித்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர், "கொடுவாவா இருக்கும்பா" என்றார். எப்படிச் சொன்னீர்கள் சித்தப்பா என்று அக்கா கேட்டார். "சின்ன கொடுவாவ அறுத்தா சினை பாத்ததே இல்ல. பெருசுலதான் சினை இருக்கும். ரொம்ப நாளா மனசுல ஓடுன சமாச்சாரம்தான்." விடை சரி! கொடுவா முதலில் ஆண், சில ஆண்டுகள் கழித்துப் பெண். உயிரியல் புத்தகத்தில் இருக்கிற உண்மை, புத்தகம் திறக்காத ஒருவர் கத்தி முனையில் கண்டுபிடித்து வைத்திருந்த உண்மை. இரண்டும் சந்தித்த அந்தக் கணத்தில் நான் அங்கே இருந்தேன் என்பதே எனக்குப் பெருமை.

ராக்கெட் கிளம்பும் நாட்களில் வேறு ஒரு ஆட்டம் நடக்கும். அன்றைக்குக் கடலில் குறிப்பிட்ட பகுதிக்குப் படகு போகக்கூடாது என்று முன்னதாகவே அறிவிப்பு வந்துவிடும். தொழில் இல்லாத நேரம், எல்லோரும் கரையில். வடக்கே அடிவானத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொட்டு எழும். சத்தமே இருக்காது! பிள்ளைகள் உடனே எண்ணத் தொடங்குவார்கள். ஒண்ணு, ரெண்டு, மூணு… வெளிச்சம் கண்ணுக்கு வந்துவிட்டது. ஒலி இன்னும் வழியில் இருக்கிறது. ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறத்தாழ மூன்று விநாடி. பழவேற்காட்டிலிருந்து ஏவுதளம் முப்பது கிலோமீட்டருக்கு மேல். எண்ணிக்கை தொண்ணூறைத் தாண்டியபின்தான் உறுமல் வந்து நெஞ்சில் மோதும். ராக்கெட் அதற்குள் எங்கோ உயரத்துக்குப் போயிருக்கும். "ஒலியின் வேகம் என்ன?" என்ற கேள்விக்கு இந்தப் பிள்ளைகள் காதாலேயே விடை வைத்திருக்கிறார்கள். எண்ணியதை மூன்றால் வகுத்து தூரத்தைச் சொல்கிறார்கள், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்!

அதிலிருந்து பிறந்த 'அப்புறம்'கள் எத்தனை! ஏன் கிழக்குக் கரையில் தளம்? பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. கிழக்கு நோக்கி ஏவினால் அந்தச் சுழற்சி வேகம் ராக்கெட்டுக்குச் சும்மா கிடைக்கிற தள்ளுதல். தவறி விழுந்தாலும் கீழே கடல். நிலநடுக்கோட்டுக்கு நெருங்க நெருங்க அந்தத் தள்ளுதல் கூடும். சரி, துருவங்களைச் சுற்றும் செயற்கைக்கோளைத் தெற்கே அல்லவா அனுப்ப வேண்டும்? தெற்கே நேராகப் போனால் வழியில் இலங்கை. அதனால் பி.எஸ்.எல்.வி. முதலில் தென்கிழக்கே போய், இலங்கையை ஒதுக்கிக்கொண்டு, பிறகு வளைகிறது. அந்த வளைவுக்கு எரிபொருள் செலவு. சின்ன ராக்கெட்டுக்கு இது கட்டுப்படியாகாது. அதனால்தான் தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் புதிய ஏவுதளம். 2024 பிப்ரவரி 28-இல் அதற்கு அடிக்கல் நாட்டினார்கள். "எங்க ஊர்லருந்து பாத்தா தெரியாதாக்கா?" என்று ஒருவன் ஏக்கத்தோடு கேட்டான். அந்த ஏக்கம்கூட எனக்குப் பிடித்திருந்தது.

இனி டச்சுக்காரர்கள். பழவேற்காட்டில் உட்கார்ந்துகொண்டு வரலாற்றுக் கேள்வி கேட்பது என்றால் அவர்களிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1613-இல் இங்கே அவர்கள் கட்டிய கோட்டைக்குப் பெயர் கெல்டிரியா. நெதர்லாந்தின் கெல்டர்லாந்து மாகாணத்தின் பெயரால் வந்தது. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு இடம் கிடைத்ததே 1639-இல்தான். அதாவது கால் நூற்றாண்டு மூத்தது எங்கள் பழவேற்காடு! 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடம் இதுதான். கோட்டை இன்று இல்லை. கல்லறைத் தோட்டம் இருக்கிறது, இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில். வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். அதைத் தாண்டி உள்ளே போய்க் கல்லெழுத்தை விரலால் தடவி ஆண்டைக் கண்டுபிடிப்பது ஒரு சுற்று. அந்தச் சுற்றை ஒருமுறையாவது ஆடிப் பார்க்க வேண்டும்.

டச்சுக்காரர்கள் இங்கே எதற்கு வந்தார்கள்? மிளகுக்கு என்பார்கள் பலரும். இல்லை, துணிக்கு. கிழக்கிந்தியத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க வேண்டுமானால் அங்கே செல்லுபடியான பண்டம் சோழமண்டலத் துணி. இங்கே நெய்த துணியைக் கொடுத்து அங்கே வாசனைப் பொருள் வாங்கி ஐரோப்பாவில் விற்றார்கள். கூடவே இந்தத் துறையிலிருந்து அடிமைகளையும் கப்பலேற்றி பட்டாவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு, அனுப்பினார்கள். அதையும் அக்கா மறைக்காமல் சொன்னார். சொல்லத்தான் வேண்டும். மினுக்குகிற செய்தியை மட்டும் பொறுக்கி எடுத்தால் அது பொது அறிவே இல்லை.

நான் மீஞ்சூர்க்காரன் என்பதால் அடுத்ததை நெஞ்சோடு அணைத்து வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்துக் கிணறுகள் பல உப்பாகிப் போனது இந்த வட்டாரத்துக்கே தெரியும். 1960-களின் இறுதியிலிருந்தே மீஞ்சூர்ப் பகுதி நிலத்தடி நீரில் கடல் ஏறியதை நிபுணர்கள் ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். அளவுக்கு மேல் உறிஞ்சினோம், கடல் உள்ளே வந்தது. இது எல்லோரும் சொல்கிற காரணம். "அப்புறம்?" என்று கொட்டகை கேட்டபோது வந்த விடை என்னைத் தூக்கி வாரிப் போட்டது. நன்னீர், கடல்நீரைவிட இலேசு. கடல்நீரின் அடர்த்தி 1.025, நன்னீருடையது 1. அதனால் கரையோரத்தில் பூமிக்கடியில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கணக்குப் போட்டால், கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நன்னீர் இருந்தால், கீழே நாற்பது மீட்டர் ஆழத்துக்கு உப்பைத் தள்ளி நிறுத்தும். அப்படியானால் மேலே ஒரு மீட்டர் குறைந்தால்? கீழிருந்து உப்பு நாற்பது மீட்டர் மேலே ஏறிவிடும்! எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் 1-ஐ 0.025-ஆல் வகுத்துச் சரிபார்த்தான். நாற்பது. நான் குடியிருக்கும் ஊரின் தண்ணீர்க் கதை முழுவதும் அந்த ஒரு வகுத்தலுக்குள் இருந்தது.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஹெர்ஸ்பெர்க், ஜெர்மானியர், 1901. அவருக்கும் பத்தாண்டுக்கு மேல் முன்னதாகச் சொன்ன இன்னொருவர் படோன் கைபென் என்ற ராணுவப் பொறியாளர். எந்த நாட்டுக்காரர்? கேட்டுவிட்டு அக்கா கல்லறைத் தோட்டம் இருக்கும் திசையைக் காட்டினார். ஆமாம், டச்சுக்காரர்! கடல் மட்டத்துக்குக் கீழே நிலம் வைத்திருக்கும் நாட்டில் அந்தக் கேள்வி பிறந்தது பொருத்தம்தானே. எங்கள் உப்புக் கிணற்றுக்கான விளக்கமும் பழவேற்காட்டுக் கோட்டையைக் கட்டியவர்களின் நாட்டிலிருந்தே வந்திருக்கிறது என்று அறிந்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. வீட்டில் எல்லோரையும் எழுப்பிச் சொன்னேன்.

அதே மீஞ்சூர்ப் பக்கம், காட்டுப்பள்ளியில், 2010-இல் திறந்த கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை சென்னைக்கு முதலாவது. நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு. அதை மெல்லிய சவ்வு வழியாக அழுத்தித் தள்ளி நீரை மட்டும் பிரிக்கிறார்கள். இது டி.என்.பி.எஸ்.சி.க்கும் வரும், வீட்டுக் குழாயிலும் வரும்.

பக்கிங்ஹாம் கால்வாய்க் கேள்வி சுலபமானது. பெயர் 1875 முதல் 1880 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த பக்கிங்ஹாம் கோமகனுடையது. அவர் காலத்தில்தான் பெரும் பஞ்சம், கூலிக்கு வெட்டிய பஞ்சப் பணியாகக் கால்வாயின் நகரப் பகுதி இணைந்தது. தொடக்கம் அதற்கும் எழுபது ஆண்டு முன்பு, கோக்ரேன் என்பவர் வெட்டிய கால்வாய். பிள்ளைகள் இதை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள்.

ஆனால் பொருளாதார நோபல் பரிசு கேள்வி இருக்கிறதே, அதை நான் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண் யார்?" எலினார் ஆஸ்ட்ரம், 2009. மனப்பாடமாகச் சொல்லிவிட்டாள் ஒரு கல்லூரி மாணவி. "அப்புறம்? எதுக்குக் குடுத்தாங்க?" காடு, மேய்ச்சல் நிலம், மீன்பிடிநீர் போன்ற பொதுச் சொத்துகளை, அரசும் இல்லாமல் தனியார் முதலாளியும் இல்லாமல், ஊரே விதி வகுத்துக் காப்பாற்ற முடியும் என்று காட்டியதற்கு. மாணவி சொல்லி முடிப்பதற்குள் ஒரு பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது நம்ம பாடுதானம்மா!" என்றார்.

பாடு என்பது இந்த ஏரி மீனவர்களின் பழைய முறை. ஏரியில் மீனும் இறாவும் நன்றாகப் படும் இடங்கள் சில. அவற்றில் யார், எந்த நாள், எங்கே வலை கட்டுவது என்பதைக் கிராமம் கூடிச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யும். இன்றைக்கு நல்ல இடம் உனக்கு, அடுத்த முறை எனக்கு. ஏலம் கிடையாது, பணக்காரன் வளைத்துப் போட முடியாது. ஏரியும் ஒரேயடியாகச் சுரண்டப்படாது. ஆஸ்ட்ரம் உலகமெங்கும் தேடி ஆராய்ந்த தத்துவம், இங்கே சீட்டுக் குலுக்கலாக நடந்துகொண்டிருக்கிறது. அன்று அந்தப் பெரியவருக்குக் கிடைத்த கைதட்டல், ஸ்டாக்ஹோமில் அந்த அம்மையாருக்குக் கிடைத்ததற்குக் குறைந்ததில்லை என்றே நம்புகிறேன்.

இந்த ஆர்வம் தமிழர்களுக்குப் புதிதா என்ன? யாழ்ப்பாணத்தில் முத்துத்தம்பிப் பிள்ளை 1902-இல் 'அபிதான கோசம்' கொண்டுவந்தார். 1910-இல் சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி' வந்தது. ஒரு தனி மனிதர் தொகுத்த அவ்வளவு பெரிய புத்தகம்! விடுதலைக்குப் பின் பெரியசாமித் தூரன் தலைமையில் பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியம், பிறகு குழந்தைகளுக்கென்றே இன்னொரு பத்து. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகத் தமிழ்வாணன் 'கல்கண்டு' நடத்தித் துணுக்குகளால் ஒரு தலைமுறையையே வளர்த்தார். சுஜாதாவின் 'ஏன்? எதற்கு? எப்படி?' படிக்காமல் என் வயதுக்காரர்கள் யாரும் வளரவில்லை. அந்த வரிசையில் வைக்கத் தகுந்தது எங்கள் கொட்டகையின் காலண்டர் தாள்கள். சற்றும் மிகைப்படுத்தவில்லை.

குரூப் 4-க்குப் படிக்கும் பிள்ளைகள் இதனால் நேரம் வீணாகிறது என்று நினைப்பார்களோ என்று கேட்டுப் பார்த்தேன். 200 கேள்விகள், அதில் 100 தமிழ், 75 பொது அறிவு, 25 திறனறிவு, நேரம் மூன்று மணி. அந்தக் கணக்கு அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். காலை ட்ரெயினில் ஒருவர் கேட்க ஒருவர் சொல்ல, ஆண்டுகளையும் சட்டப் பிரிவுகளையும் அவர்கள் உருப்போடுவதை தினமும் கேட்கிறேன். மனப்பாடத்தை நான் இழிவாகவே நினைக்கவில்லை. மனத்தில் ஒன்றும் இல்லாதவன் எதை வைத்து யோசிப்பான்? ஆனால் அக்கா ஒன்று சொன்னார்: "ஞாயித்துக்கெழம இங்க சொல்லிக்குடுத்தது எதுவும் எனக்கு மறக்கறதில்ல சார். கைடுல படிச்சதுதான் மறக்குது." போதுமே!

பொது அறிவு ஆளைப் பார்த்து வருவதில்லை என்பதற்குத் தமிழகமே பார்த்த சாட்சி கௌசல்யா கார்த்திகா. மதுரையிலிருந்து வந்தவர், செவித்திறனும் பேச்சுத்திறனும் இல்லாதவர். ராதிகா சரத்குமார் நடத்திய 'கோடீஸ்வரி'யில் 2020 ஜனவரியில் கடைசிக் கேள்வி வரை போய் ஒரு கோடி ரூபாய் வென்றார். குப்பத்தில் அந்தக் காட்சியைச் செல்போனில் போட்டுக் காட்டாத வாரமே குறைவு. அதைப் பார்க்கும் பெண் பிள்ளைகளின் முதுகு தானாக நிமிர்கிறது.

ஏரியைப் பற்றிய அடிப்படைக் கேள்வியைச் சொல்லாமல் விட்டால் குப்பத்தார் என்னைச் சும்மா விடமாட்டார்கள். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்கோடி தமிழ்நாட்டில். மழைக்காலத்தில் ஆரணியும் காளங்கியும் கொண்டுவரும் நன்னீர், கோடையில் ஆவியாகி ஆவியாகிக் கரிக்கும் உப்பு. முகத்துவாரம் திறந்திருந்தால் கடலில் பிறந்த இறாக் குஞ்சுகள் ஏரிக்குள் வந்து வளர்ந்து திரும்பக் கடலுக்குப் போகும். மணல் வந்து மூடினால் அந்த வழி அடைபடும், குப்பத்து அடுப்பும் அணையும். கைடில் இது ஒரு வரி, ஒரு மதிப்பெண். இங்கே சோறு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பொன்னேரி ட்ரெயின் ஏறுங்கள். பழவேற்காட்டுக்குப் பேருந்து இருக்கிறது. வரும்போது உங்கள் ஊரைப் பற்றி ஒரு கேள்வி கொண்டுவாருங்கள்: உங்கள் ஏரி, உங்கள் மலை, உங்கள் தெருவின் பெயர், எதுவானாலும் சரி. விடையும் தெரிந்திருக்கட்டும். "அப்புறம்?" என்று கேட்பார்கள், அதற்கும் தயாராக வாருங்கள். வர முடியாதவர்கள் உங்கள் தெருவிலேயே தொடங்கிவிடுங்கள். காலண்டர் தாளும் கடலை மிட்டாயும் எல்லா ஊரிலும் கிடைக்கும்.